இடம் நிரப்பிய முதலாளி

1

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் குழப்பம் வேண்டாம்.

கதவுக்கு எட்டாத கோடியில், மேட்டுப் பக்கத்து நாற்காலியில், மனபே சார். தகாமாட்சு துறைமுகத்துக்குப் பின்னால் குளியல் தொட்டிக்கு மூடி செய்யும் ஆலையின் முதலாளி. எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பெரியவர். அவருக்கு நேர் எதிரே எங்கள் ஒகுதா மேடம். மேடத்துக்கு இடப்புறம் குசுனோகி, நிரல் எழுதுகிறவர். அவரை அடுத்துத் தமாகி, எழுத்துக்காரி. நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருந்தாள், மீதிப் பாதி எழுந்து ஓடத் தயாராக இருந்தது. கதவை ஒட்டி, பள்ளத்தில், நான். அலுவலகத்துக் கடிதங்கள் என் பொறுப்பு. மேசை நடுவில் மன்னிப்புக் கேட்பதற்காக வாங்கிய இனிப்புப் பெட்டி, காகிதம் பிரிக்காமல்.

மேடு, பள்ளம் என்று எழுதியது அலங்காரத்துக்கு அல்ல. சலவைக் கடைக்கு மேலே உள்ள எங்கள் மாடியின் தரை கிழக்கே சாய்ந்திருக்கிறது. மேசையில் பேனாவை வைத்தால் உருண்டு என்னிடம் வந்துவிடும். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு பேனாகூட வாங்கியதில்லை. நிறுவனத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்: 'நனாமே', அதாவது சாய்வு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. இருநூறு நிறுவனங்களுக்கு வலைதளத்தில் 'எங்கள் வரலாறு' பக்கம் செய்துகொடுத்த நாங்கள், எங்கள் தளத்தில் அந்தப் பக்கத்தை ஒரே வரியில் வைத்திருக்கிறோம்: "தயாராகிக்கொண்டிருக்கிறது." பத்தொன்பது வருடமாகத் தயாராகிறது. மார்ச் மாதம் ஒகுதா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரே பக்கம். நம்ம சரித்திரம், நம்ம பழக்கவழக்கம். மரியாதையா இருக்கணும். படிச்சா சிரிப்பு வரக்கூடாது."

இப்போது மே. வந்திருப்பது இது.

2

தொடக்கங்கள் சில வீணாயின. எறிய மனமில்லாமல் இங்கே வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "வாடிக்கையாளர் நலனே தன் நலன் எனக் கொண்டு, ஒகுதா தோமொயே அவர்களின் அயராத" (இந்த இடத்தில் நானே கொட்டாவி விட்டேன்.)

இரண்டாவது: "பேனாக்கள் தாமாக நடக்கும் அலுவலகம் ஒன்று உண்டு." குசுனோகி எட்டிப் பார்த்து, "என்ன, கடுதாசி அண்ணே, பேய்க்கதையா?" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "இளந்தளிர்க் காற்று வீசும் இந்நாளில் தாங்கள் யாவரும் நலமாக இருப்பீர்கள் என நம்பி" ... இது கடிதம். நான் படித்த சிற்றூர்ப் பள்ளியில் கடிதத்துக்கு இருபது மதிப்பெண். பருவத்தைச் சொல்லாமல் தொடங்கினால் ஐந்து போய்விடும். அந்தப் பயம் இன்னும் விடவில்லை. வாசகரே, இதைத் தளிர்க் காற்றோடு தொடங்கியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐந்து மதிப்பெண் மிச்சம்.

நான்காவது: "தமாகி யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனால்"

அந்த 'ஆனால்'தான் கதை.

3

இந்த ஊரில் எந்த நிறுவனத்தின் வலைதளமானாலும் ஒரு பக்கம் கட்டாயம் உண்டு: தலைவரின் வாழ்த்துரை. ஆணி விற்றாலும் சரி, மீன்வலைக்கு மிதவை விற்றாலும் சரி, முதலாளி கை கோத்து நிற்கும் படம், கீழே பத்து வரி. அந்தப் பத்து வரியை எந்த முதலாளியும் நேரத்துக்குத் தந்ததில்லை. தளம் முழுக்கத் தயாராகிவிடும், வாழ்த்துரை மட்டும் வராது. கேட்டால், "இதோ, அடுத்த வாரம்" என்பார்கள். வடிவத்தைக் காட்ட அந்த இடத்தில் ஏதாவது எழுத்து இருந்தாக வேண்டும். மற்ற அலுவலகங்களில் பொருளில்லாத எழுத்தை அள்ளிக் கொட்டி வைப்பார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் தமாகி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேடம் அதைத்தான் கேட்டார்.

"அர்த்தமில்லாம எழுத எனக்கு வரலையே, மேடம்."

"முயற்சி பண்ணு. எல்லாரும் பண்றாங்க."

மறுநாள் காலை தமாகி ஒரு முதலாளியைக் கொண்டுவந்தாள். பெயர் குமாகிச்சி. வயது அறுபத்தெட்டு. சூடான தேநீர் குடிக்க முடியாத நாக்கு. தக்காளிச் செடி விஷயத்தில் மனைவியோடு ஓயாத சண்டை. ரென்கோன் என்று ஒரு நாய். தாமரைக் கிழங்கு என்று பொருள், உடம்பெல்லாம் வட்ட வட்டப் புள்ளி. அந்த நாய்க்குப் பெட்ரோல் வாசம் என்றால் உயிர்.

பதினோரு வருடத்தில் குமாகிச்சி ஆணி, மிதவை, சோயா சாறு, பொய்ப்பல் எல்லாம் விற்றார். வயது ஒன்றுகூட ஏறவில்லை. உண்மையான வாழ்த்துரை வந்ததும் அவரை அழித்துவிடுவோம், அடுத்த நிறுவனத்துக்குக் குடிபோவார்.* வெள்ளிக்கிழமை மதியம் உடோன் நூடுல்ஸ் கடை வரிசையில் தட்டைப் பிடித்து நிற்கும்போது யாராவது கேட்பார்கள், "குமாகிச்சி எப்படி இருக்காரு?" தமாகி உடனே சொல்வாள், "தக்காளியில தோத்துட்டாரு. மூணு நாளா வீட்ல பேச்சில்ல." பின்னால் நிற்கும் வங்கிக்காரர்கள் ஏதோ சொந்தக்காரர் என்று நினைத்து அனுதாபமாகத் தலையாட்டுவார்கள்.

*அழிக்கும் வேலை குசுனோகியுடையது. அழிப்பதற்கு முன் இரண்டு முறை கைதட்டிக் கும்பிடுவார். கேட்டால், "தோள்வலி. டாக்டர் சொன்ன பயிற்சி" என்பார்.

தமாகியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் எழுதியதில் நல்லதெல்லாம் அழிக்கப்பட்டது. அழிக்கப்படாததை வாடிக்கையாளர்கள் திருத்திக் கெடுத்தார்கள். பதினோரு வருடமாக ஒருவர் எழுதியும் யாரும் படித்ததில்லை என்றால்

(இந்த வாக்கியத்தை முடித்தால் சோகமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

4

மனபே ஆலைக்குத் தமாகி எழுதி வைத்த குமாகிச்சி இப்படிப் பேசினார்:

"இந்தக் கரையில் என்னைவிட என் நாயைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும். தினம் காலை ஆறு மணிக்கு நானும் ரென்கோனும் அலைதடுப்புச் சுவர்வரை நடப்போம். எனக்கு முழங்கால் வலி, சூடான தேநீரும் ஆகாது. உடம்பெல்லாம் வட்டப் புள்ளியுள்ள அதற்குப் பெட்ரோல் வாசத்தில் ஆசை. ஆகவே பெட்ரோல் நிலையத்தில் இருவரும் சற்று நிற்போம். எங்கள் மூடி எப்போதாவது உடைந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். புது மூடியோடு நானே வருவேன். ரென்கோனும் வரும்."

கீழே பெயர் மட்டும் மனபே என்று இருந்தது. பெயர்களை ஒரே தட்டில் மாற்றக் குசுனோகி ஒரு வழி வைத்திருந்தார். பெயர் மாறியது, ஆள் மாறவில்லை.

படி எடுத்து ஆலைக்கு அனுப்பினோம். அங்கே ஏழு பேர் பார்த்து முத்திரை குத்த வேண்டும். இங்கே ஒரு பணிவு உண்டு. கீழே இருப்பவர் தன் முத்திரையை மேலே இருப்பவரின் பக்கம் லேசாகச் சாய்த்துக் குத்துவார், முத்திரையே குனிந்து வணங்குவதுபோல. படி திரும்பி வந்தபோது ஆறு முத்திரைகளும் படிப்படியாகக் குனிந்திருக்க, ஏழாவதான முதலாளி முத்திரை மட்டும் நிமிர்ந்து நின்றது. கண்கொள்ளாக் காட்சி. முந்தினவர் படித்திருப்பார் என்று பிந்தினவரும், மேலே இருப்பவர் படிப்பார் என்று கீழே இருப்பவரும் நினைத்திருக்கிறார்கள். எல்லாரும் பார்த்தது சாய்வை மட்டும்தான்.

நாங்களும் படிக்கவில்லை, முத்திரையை மட்டும் எண்ணினோம். ஏழு. தளத்தை ஏற்றிவிட்டோம்.

குமாகிச்சி பதினான்கு மாதம் அங்கேயே இருந்தார். அவர் ஓரிடத்தில் அத்தனை நாள் நின்றது அதுவே முதல் தடவை.

5

நேற்று, திங்கட்கிழமை, மனபே சாரிடமிருந்து தொலைபேசி வந்தது. "அந்த வாழ்த்துரையை எழுதினவங்களைப் பாக்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு நானே வர்றேன்." அவ்வளவுதான்.

மேடம் பக்கத்தைத் திறந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"குசுனோகி, இது யாரு நாய்?"

குசுனோகி எழுந்து வந்து பார்த்தார். "நம்ம நாய்தான், மேடம்."

தப்புச் செய்தவர்கள் போய்க் குனிவதுதான் முறை. பாதிக்கப்பட்டவர் தாமே கிளம்பி வருகிறார் என்றால் கோபம் எந்த உயரத்தில் இருக்கும் என்று கணக்குப் போட யாருக்கும் தைரியமில்லை. மனபே ஆலை கைவிட்டுப் போனால் இந்த மாடியில் நான்கு நாற்காலிக்கு வழியில்லை, மூன்றுதான். எது போகும் என்று எல்லாருக்கும் தெரியும். தமாகி சத்தமில்லாமல் தன் இழுப்பறையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள்.

"அதை மூடு" என்றார் மேடம். "முதல்ல குனியப் பழகலாம். நாற்பத்தஞ்சு பாகை. எல்லாரும் எழுந்திருங்க."

"தரையே மூணு பாகை சாஞ்சிருக்கே, மேடம்" என்றார் குசுனோகி. "அதைக் கூட்டிக்கணுமா, கழிச்சுக்கணுமா?"

"வாயை மூடிக்கிட்டுக் குனி."

நான்கு பேரும் குனிந்தோம். என் சட்டைப் பையிலிருந்து ஆறு பேனா விழுந்து கதவை நோக்கி உருண்டன.

6

இனி, தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். மேடம் கண் காட்டினார். எழுந்தோம், குனிந்தோம். குனிந்த வேகத்தில் குசுனோகியின் தொடை மேசையில் இடித்தது. இனிப்புப் பெட்டி அசைந்து, யோசித்து, பள்ளத்தைப் பார்த்து மெதுவாகக் கிளம்பி என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. யாரும் நிமிரவில்லை.

மனபே சார் பேசினார். தலைக்கு மேலே குரல் மட்டும் கேட்டது.

"எந்த முழங்கால்?"

ஒருவருக்கும் புரியவில்லை. தமாகி மட்டும் குனிந்தபடியே, யோசிக்காமல் சொன்னாள்: "இடது, சார். மழைக்கு முந்தின நாள் மட்டும்."

"ஐயையோ!" மனபே சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் வலதுகால்ல நொண்டிட்டேனே, மூணு வீட்லயும்!"

7

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். மனபே சார் என்கிற இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இப்படி ஒரு வாடிக்கையாளரை யார் நம்புவார்கள்? நம்பும்படியாக எழுதலாமே என்று ஒரு தரம் அவரைக் கத்தவிட்டுப் பார்த்தேன்:

"மனபே மேசையைக் குத்தினார். 'என் மானம் என்ன ஆவது?' என்று"

குத்தின மேசையில் தேநீர்க் கோப்பை வழுக்கி என்னிடம் வந்தது. அதற்கு மேல் அவருக்குக் கத்த வரவில்லை. பிறவிக் கூச்சக்காரர். வாழ்த்துரைக்குப் படம் எடுக்கப் போனபோது மூடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தளம் ஏறிய அன்றே அவர் அதை ரயிலில் படித்துவிட்டாராம். தப்பு நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்ததாம்.

"சொல்லியிருக்கலாமே, சார்?" என்றார் மேடம்.

"சொன்னா என்னையில்ல எழுதச் சொல்வீங்க?"

சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார்:

"ரெண்டு மாசத்துல முதல் கடுதாசி வந்துச்சு. மூடி உடைஞ்சு போச்சு, நாயோட வாங்கன்னு. நாய் வேஷம் போட்டா குலைச்சுத்தானே ஆகணும்? பக்கத்து வீட்டு நாயை இரவல் வாங்கிட்டுப் போனேன். புள்ளியெல்லாம் இல்ல. வயசானா மறைஞ்சிடும்னு சொல்லிட்டேன். அங்க என்னை உள்ள கூப்பிட்டு உக்காரவெச்சாங்க. முப்பது வருஷமா மூடி செய்யறேன், ஒருத்தர் வீட்டுக் குளியலறையைக்கூடப் பார்த்ததில்ல. டீயை ஆறவெச்சுக் கொடுத்தாங்க. எனக்குச் சூடாத்தான் பிடிக்கும். குடிச்சேன்."

அப்படி மூன்று வீடு போயிருக்கிறார். நொண்டி நொண்டி வலது முழங்கால் இப்போது நிஜமாகவே வலிக்கிறதாம். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வேலை மாற்றலாகி, நாயோடு வடக்கே போய்விட்டார். அதற்கப்புறம்தான் நான்காவது கடிதம்.

பையிலிருந்து எடுத்து வாசித்தார்:

"மனபே முதலாளிக்கு. பருவ வாழ்த்தெல்லாம் எழுத எனக்கு வராது. (ஐந்து மதிப்பெண் போயிற்று.) உங்கள் கரைக்கு எதிரே தெரியும் தீவில் பெட்ரோல் நிலையம் வைத்திருக்கிறேன். போன வாரம் மூடி இரண்டாகப் பிளந்தது. மைத்துனன் அதன்மேல் உட்கார்ந்தான், மூடியின் மேல் குற்றமில்லை. அளவு பார்க்க உங்கள் தளத்துக்குப் போனேன். இணைப்பு மெதுவாக இருந்ததால் வாழ்த்துரையைப் படிக்கும்படி ஆயிற்று. எங்கள் தீவில் நூற்றுச்சொச்சம் பூனைகள், நாய் ஒன்றுகூட இல்லை. பெட்ரோல் வாசம் பிடிக்கும் நாயைப் பார்க்க இதுவரை பதினேழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தெராஷிமா."

"பதினேழு பேரா?" என்றார் குசுனோகி.

"தீவுல மொத்தமே அவ்வளவுதான் இருப்பாங்க" என்றார் மனபே சார். "நிர்வாகம் பார்க்கறது என் தம்பி. இந்தக் கடுதாசி அவன் கையில சிக்கிடுச்சு. குதிக்கறான். வேற ஆளுங்ககிட்ட வெப்சைட்டைக் கொடுக்கணும்கறான். இந்த தெராஷிமா சிரிச்சார்னா நான் தம்பியைச் சமாளிச்சுக்குவேன். ஏமாத்திட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டார்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." தமாகி பக்கம் திரும்பினார். "அதனாலதான் வந்தேன். நீங்க எழுதிவெச்ச அந்த மனுஷன் இதுக்கு என்ன பதில் போடுவாரு? உங்களுக்குத்தான் தெரியும்."

8

பதில் கடிதத்துக்கு மேசையில் கிடைத்த யோசனைகள், வந்த வரிசையில்:

(அ) ஒகுதா மேடம்: "நாய் இல்லை. மன்னிக்கவும்." ஒரே வரி. நேர்மை. மனபே சார் அதைக் கேட்டு, நாயில்லாமல் தனியே பெட்ரோல் நிலையத்தில் நிற்பதுபோல் முகம் வாடினார்.

(ஆ) குசுனோகி: "மணிக்கணக்கில நாய் வாடகைக்குத் தர்றாங்க. புள்ளியை நான் வரைஞ்சிடறேன்."

"நூறு பூனைக்கு நடுவுலயா?" என்றாள் தமாகி. "அதுவும் பெட்ரோல் வாசத்துல மூக்கைச் சுளிச்சுதுன்னா? ரென்கோன் பேரே கெட்டுப் போயிடும்."

(இ) நான். என் கைவரிசை இரங்கல் கடிதத்தில் என்பது ஊரறிந்தது. "ரென்கோன் சென்ற மாதம் அமைதியாக" என்று ஆரம்பித்தேன்.

"கொல்லாதீங்க!" நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதிகம் கத்தியது, கத்த வராத மனபே சார். மேடம் இனிப்புப் பெட்டியைப் பிரித்து என் முன் தள்ளி, "இதைத் தின்னுக்கிட்டுப் பேசாம இரு" என்றார்.

(ஈ) வாசகரே, நான் எழுதிப் பார்த்த ஒன்று. ஞாயிறு காலை படகுத்துறையில் அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் வட்ட வட்டமாக... வேண்டாம். ஆசைதான். ஆனால் அது தமாகியைக் காப்பாற்றாது. குமாகிச்சி நிஜமாகவே வந்து நின்றால் அவள் எதற்கு?

தமாகி யாரையும் பார்க்காமல் மேசையில் ஒரு பேனாவைத் தேடினாள். எல்லாம் என்னிடம் இருந்தன. ஒன்றை மேட்டுக்கு அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. எழுந்து போய்க் கையில் கொடுத்தேன்.

அவள் எழுதியது இது:

"தெராஷிமா அவர்களுக்கு. ரென்கோன் என்று ஒரு நாய் இல்லை. முழங்கால் வலி உண்டு, இப்போது வலது. நான் எழுத வேண்டிய வாழ்த்துரையை நேரத்துக்கு எழுதவில்லை. அந்த இடத்தில் வேறொருவர் ஒரு மனிதரை எழுதி வைத்தார். அவர் என்னைவிட நல்லவராக இருந்ததால் நான் அவரை அகற்றவில்லை. மூடி உடைந்தால் நானே வருவேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே வருகிறேன். ஞாயிறு காலை எட்டு மணிப் படகு. ரென்கோனைப் பதினோரு வருடமாகத் தெரிந்தவர் ஒருவரும் உடன் வருவார். பதினேழு பேரும் அதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம்."

மனபே சார் இரண்டு தரம் படித்தார். "இது... நான் பேசற மாதிரியே இருக்கு" என்றார்.

"ஆமா சார். இந்தத் தடவை உங்களைத்தான் எழுதினேன்."

மேடம் கடைசி வரிக்கு வந்தார். "உடன் வருபவர் யாரு?"

தமாகி இப்போதுதான் அதை நினைத்துப் பார்த்தாள் போலிருந்தது. "பதினேழு பேரு, மேடம். இதுவரைக்கும் என்னை ஒருத்தர்கூடப் படிச்சதில்லையே."

"போய் வா தாயே" என்றார் குசுனோகி. "தக்காளிச் சண்டையில ஆரம்பி. அது எப்பவும் எடுபடும்." இரண்டு முறை கைதட்டினார். தோள்வலி இருந்திருக்கும்.

9

நல்ல படி எடுத்தது நான். தலையில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "இளந்தளிர்க் காற்று உங்கள் தீவுக்கும் வந்திருக்கும்." இதில் யாருக்கும் மறுப்பில்லை.

மனபே சார் முத்திரையை எடுத்தார். முதலாளி முத்திரை யாருக்கும் குனிய வேண்டியதில்லை, நிமிர்ந்துதான் நிற்கும். அதைத் தன் பெயருக்குப் பக்கத்தில், தீவுக்காரரின் பெயர் இருந்த திசையில், கொஞ்சம் சாய்த்துக் குத்தினார். மரியாதையா, எங்கள் தரையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்று செவ்வாய். ஞாயிறு இன்னும் வரவில்லை. படகுத்துறையில் பதினேழு பேரும் நூற்றுச்சொச்சம் பூனைகளும் நிற்க, ஒரு நொண்டி முதலாளியும் ஒரு எழுத்துக்காரியும் மூடியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது தெராஷிமா சிரிப்பாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருடைய இடமோ அவரேதான் கடைசியில் அதை நிரப்ப வேண்டும். அதுவரை நாங்கள் ஏதோ வைத்திருப்போம், அவ்வளவுதான்.

உறையின் மடிப்பில் பசை தடவி ஒட்டினேன். ஒட்டிய கோட்டின் மேல், வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று காட்டும் முடிப்புக் குறி போட்டேன். தமாகி அதை என் கையிலிருந்து வாங்கி, படியிறங்கி, சலவைக் கடை வாசலிலிருந்த சிவப்புப் பெட்டிக்குள் போட்டாள். விழும் சத்தம் கேட்கிறதா என்று பெட்டியில் காதை வைத்துப் பார்த்தாள். மேலே சன்னலில் நான்கு தலைகள். பதினொன்றே முக்காலுக்குத் தபால் வண்டி வந்து எடுத்துப் போனது.

[முடிவு இந்த இடத்தில் வரும். வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் வந்துசேரவில்லை.]